இஇஜியும் ஐ டிராக்கரும் முரண்படும்போது: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்குவது எப்படி

ஒருவர் படிக்கும்போது அவர் கண் எங்கே போகிறது, அதே நேரத்தில் அவர் மூளையின் மின் அலை என்ன செய்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்வது பார்வைக்கு எளிய வேலை. தலையில் எலெக்ட்ரோடுகள் பதித்த கேப் (மூளையின் மின் அலையைப் பதியும் இஇஜி), எதிரே அகச்சிவப்பு கேமரா (கண் பார்க்கும் இடத்தைப் பதியும் ஐ டிராக்கர்), இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிள், அவ்வளவுதான். ஆனால் முதல் சில வாரங்களில் எடுத்த பதிவுகளைத் தூக்கிப்போட வேண்டி வரும்போது மனசு நொந்துபோகும். ஒருவரைத் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லி, ஜெல் போட்டு, அசையாமல் உட்காரவைத்து எடுத்த பதிவு அது. அவர் கொடுத்த நேரம் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டு சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டென்று பாய்வதைத் தாவல் என்கிறேன். பாய்ந்தபின் ஓரிடத்தில் நிற்பதை நிலைப்பு என்கிறேன். படிக்கும்போது ஒரு நிலைப்பு ஏறக்குறைய 200 முதல் 250 மில்லி நொடி நீடிக்கும். நொடிக்கு மூன்று நான்கு தாவல் நடக்கும்.

எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்னாலும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கண் ஒரு சின்ன பேட்டரி. முன்பக்கம் கார்னியா நேர்மின், பின்பக்கம் விழித்திரை எதிர்மின். எமில் டு புவா-ரேமோன் 1849இலேயே மீனின் கண்ணில் இதைக் கண்டுபிடித்தார். இந்த பேட்டரி திரும்பும்போதெல்லாம் தலை முழுக்க மின்னழுத்தம் மாறும். கண் ஒரு டிகிரி திரும்பினால் கண்ணோரத்து எலெக்ட்ரோடில் சுமார் பத்துப் பதினைந்து மைக்ரோவோல்ட் வரும். மூளையிலிருந்து நாம் தேடும் அலையோ பெரும்பாலும் 10 மைக்ரோவோல்ட்டுக்குள் அடங்கிவிடும். இதை எல்லாரும் தொல்லை என்றுதான் சொல்வார்கள். தொல்லைதான், ஆனால் இதைப்போல ஒரு சாட்சி கிடைக்காது. ஒரே தாவல் கேமராவிலும் பதிகிறது, எலெக்ட்ரோடிலும் பதிகிறது. இரண்டு கருவியும் ஒரே நேரத்தைச் சொல்கின்றனவா, ஒரே திசையைச் சொல்கின்றனவா என்று அந்தக் கண்ணையே கேட்கலாம்.

அதனால் ஒவ்வொருவரிடமும் சோதனை தொடங்குமுன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். திரை நடுவில் ஒரு புள்ளி, பிறகு இடப்பக்கம் 10 டிகிரி, மறுபடி நடு, வலப்பக்கம் 10 டிகிரி, பிறகு மேல், கீழ். ஒவ்வொன்றும் ஐந்து தடவை. கடைசியில் பத்துத் தடவை கண் சிமிட்டச் சொல்லுங்கள். இரண்டு கருவியும் பதிவில் இருக்கட்டும். கீழே வரும் எல்லா இடத்திலும் 'இரண்டு நிமிடப் பதிவு' என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று: தேடும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் நேரம், அப்புறம் கண் பதிவு, அப்புறம் எலெக்ட்ரோடு, கடைசியில்தான் கணக்கீடு. நேரத்தில் 20 மில்லி நொடிப் பிழையை வைத்துக்கொண்டு வடிகட்டியை மாற்றி மாற்றிப் போட்டு நாள் கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிரிகர் எண்ணிக்கை இரண்டு கோப்பிலும் ஒன்றாக இல்லை

சோதனை நடத்தும் கணினி ஒவ்வொரு நிகழ்வின்போதும் ஒரு எண்ணை அனுப்புகிறது, அதுதான் டிரிகர். அது இஇஜிக்கும் போக வேண்டும், ஐ டிராக்கருக்கும் போக வேண்டும். ஒன்றில் 480 இருக்கிறது, இன்னொன்றில் 471 இருக்கிறது என்றால் முதல் சந்தேகம் துடிப்பின் நீளம். இஇஜி 500 ஹெர்ட்ஸில் ஓடினால் 2 மில்லி நொடிக்கு ஒரு முறைதான் பார்க்கும் (அப்படி ஒரு பார்வைதான் ஒரு சாம்பிள்). 1 மில்லி நொடித் துடிப்பு இரண்டு பார்வைக்கு நடுவில் வந்து போய்விடும். துடிப்பை 10 மில்லி நொடி பிடித்து வையுங்கள், பிறகு பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பூஜ்யத்துக்கு இறக்காமல் அடுத்தடுத்து ஒரே எண்ணை அனுப்பினால், பெறும் கருவிக்கு எதுவுமே மாறியதாகத் தெரியாது.

எண்ணிக்கை சரியாக இருந்து, எண்கள் மட்டும் தப்பாக இருந்தால் நிரலைத் தொடாதீர்கள். கேபிளைக் கழற்றிப் பாருங்கள். எனக்கு ஒரு முறை 21 அனுப்பினால் 17 வந்தது, 20 அனுப்பினால் 16, 12 அனுப்பினால் 8. ஆனால் 19 மட்டும் 19ஆகவே வந்தது. பாதி நாள் நிரலில்தான் தேடினேன். பிறகு தாளில் இருமத்தில் எழுதிப் பார்த்ததும் பளிச்சென்று தெரிந்தது: 21 என்பது 16, 4, 1. 20 என்பது 16, 4. 12 என்பது 8, 4. மூன்றிலும் 4தான் காணோம். 19 என்பது 16, 2, 1, அதில் 4 இல்லவே இல்லை, அதனால் தப்பித்துக்கொண்டது. பேரலல் போர்ட்டில் 4ஐச் சுமப்பது நான்காவது பின். டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் பின் உள்ளே மடங்கிக் கிடந்தது. இப்போதெல்லாம் காலையில் 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று எட்டு எண்களையும் ஒரு முறை அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

தொடக்கத்தில் பொருந்துகிறது, போகப்போக விலகுகிறது

இரண்டு கருவிக்கும் தனித்தனிக் கடிகாரம். இரண்டுமே நல்ல கடிகாரங்கள்தான், ஆனால் ஒன்றுபோல ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லி நொடி விலகிவிடும். அது கிட்டத்தட்ட ஒரு முழு நிலைப்பு. கடைசிப் பத்து நிமிடத்தில் 'இந்தச் சொல்லைப் பார்த்தபோது எழுந்த அலை' என்று நீங்கள் வெட்டி எடுப்பது முந்தின சொல்லுடைய அலையாக இருக்கும். சராசரி எடுக்கும்போது எல்லாம் மழுங்கிப்போய், 'விளைவு இல்லை' என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். இந்தப் பிழை சத்தமே போடாது என்பதால்தான் இதற்கு இவ்வளவு இடம் கொடுக்கிறேன்.

தொடக்கத்தில் ஒரே ஒரு டிரிகர் அனுப்பினால் போதாது. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, நடுவில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்று. பொது டிரிகர்களின் நேரத்தை எடுத்து, இஇஜி நேரம் ஒரு அச்சில், ஐ டிராக்கர் நேரம் இன்னொரு அச்சில் என்று வரைந்து ஒரு நேர்கோடு பொருத்துங்கள். கோட்டிலிருந்து விலகல் ஒன்றிரண்டு சாம்பிளுக்குள் இருக்க வேண்டும். இஇஜிலேப் என்ற இஇஜி ஆய்வு மென்பொருளில் ஓடும் ஐ-இஇஜி என்ற இலவசக் கருவித்தொகுப்பு இந்த வேலையைச் செய்து, விலகலின் படத்தையும் காட்டும். பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் ஓலாஃப் டிமிகனும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கியது அது.

அந்த விலகல் படத்தைக் கண்ணால் பாருங்கள், எண்ணை மட்டும் படித்துவிட்டு நகராதீர்கள். விலகல் பூஜ்யத்தைச் சுற்றிச் சிதறி இருந்தால் நல்லது. படிக்கட்டு மாதிரி திடீரென்று ஒரு இடத்தில் குதித்தால் அது கடிகார வேகத்தின் பிழை அல்ல. இடைவேளையில் யாரோ இஇஜி பதிவை நிறுத்தி மறுபடி தொடங்கியிருப்பார்கள், அல்லது நடுவில் தரவு தொலைந்திருக்கும். அப்போது மொத்தத்துக்கும் ஒரு கோடு போடக் கூடாது. குதித்த இடத்தில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பொருத்துங்கள்.

விலகவில்லை, ஆனால் எப்போதும் ஒரே அளவு தள்ளி இருக்கிறது

டிரிகர்கள் எல்லாம் அழகாகப் பொருந்தும். ஆனாலும் இரண்டு நிமிடப் பதிவில் கேமரா சொல்லும் தாவலும் எலெக்ட்ரோடு சொல்லும் தாவலும் பத்து மில்லி நொடி தள்ளி நிற்கும். டிரிகர் ஒத்துப்போவது வேறு, தரவு ஒத்துப்போவது வேறு. இங்கேதான் கண் சாட்சி சொல்லும். இடக் கண்ணோரம், வலக் கண்ணோரம் இரண்டின் வித்தியாசத்தை எடுங்கள். அதற்கும் ஐ டிராக்கரின் கிடைமட்டப் பார்வைக்கும் குறுக்கு ஒப்புறவு போடுங்கள், அதாவது ஒன்றை நகர்த்தி நகர்த்தி எந்தத் தள்ளலில் இரண்டும் அதிகம் ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். உச்சி பூஜ்ய மில்லி நொடியில் இருக்க வேண்டும், அல்லது ஒரு சாம்பிள் இங்கே அங்கே. தள்ளி இருந்தால், டிரிகர் யுஎஸ்பி அடாப்டர் வழியாகப் போகிறதா, ஐ டிராக்கர் தரவை மென்மையாக்கி அதனால் தாமதம் கூட்டுகிறதா என்று பாருங்கள். பலரிடமும் ஒரே எண்ணாக வந்தால் அந்த எண்ணைக் கழித்துவிடலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணாக வந்தால் கழித்துப் பயனில்லை, காரணத்தைத்தான் தேட வேண்டும்.

திரையின் தாமதம் இதிலிருந்து தனிப் பிரச்சினை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம் 16.7 மில்லி நொடி. 'காட்டு' என்று நிரல் சொன்ன நொடியும் வெளிச்சம் வந்த நொடியும் ஒன்றல்ல. திரையின் மூலையில் ஒரு ஃபோட்டோ டயோடு ஒட்டி, அதை இஇஜியின் உபரிச் சேனலில் கொடுத்து அளந்துகொள்ளுங்கள். மேல் மூலையில் ஒட்டினால் ஒரு எண் வரும், கீழ் மூலையில் சற்றுக் கூடுதலாக வரும், திரை மேலிருந்து கீழாக வரைவதால்.

மேலே பார்க்கும்போது இரண்டும் எதிரெதிராகப் போகின்றன

பிழையே இல்லை. ஐ டிராக்கர் பிக்சலைத் திரையின் மேல் இட மூலையிலிருந்து எண்ணுகிறது, அதனால் மேலே பார்த்தால் எண் குறையும். எலெக்ட்ரோடில் மேலே பார்த்தால் நெற்றிப் பக்கம் நேர்மின் கூடும். ஆனால் இடம் வலத்தில் எதிராகப் போனால் அது பிழைதான். வலப்பக்கம் பார்க்கும்போது வலக் கண்ணோரம் நேர்மின்னாக வேண்டும். இல்லையென்றால் இரண்டு எலெக்ட்ரோடையும் மாற்றிச் செருகியிருக்கிறீர்கள்.

ஐ டிராக்கர் கண்ணை அடிக்கடி தொலைக்கிறது

கேமரா கண்ணின் பாப்பாவை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அகச்சிவப்பு வெளிச்சத்தில் கண்ணின் படத்தில் ஆகக் கருப்பான வட்டத்தைத் தேடுகிறது. கண் மை போட்டிருந்தால், இமையோரமும் அதே கருப்பு. நேராகப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். பார்வை கீழ் வரிக்கு இறங்கும்போது மேல் இமையும் கூடவே இறங்கி, மையின் கருப்பு பாப்பாவைத் தொட்டுவிடும். உடனே பார்வைப் புள்ளி நடுங்கத் தொடங்கும். கேமராப் படத்தைப் பெரிதாக்கி வைத்து அவரைக் கீழே பார்க்கச் சொன்னால், இரண்டு கருப்பும் ஒன்றுசேர்வதை நீங்களே பார்க்கலாம். மஸ்காராவும் அப்படித்தான். மை போடாமல் வரும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். வந்தபின் துடைக்கச் சொன்னால் அவருக்கும் சங்கடம், கண்ணும் சிவந்து நீர் கோக்கும்.

கண்ணாடி போட்டவர்களுக்கு அகச்சிவப்பு விளக்கின் பிரதிபலிப்பு ஒரு வெள்ளைத் திட்டாக லென்ஸில் விழும். திட்டு பாப்பாவை மறைக்காத வரை கவலை வேண்டாம். மறைத்தால் கேமராவைச் சற்றுக் கீழே இறக்குங்கள், அல்லது கண்ணாடியை மூக்கில் இம்மி நகர்த்துங்கள். இமை தாழ்ந்தவர்களுக்கு உரையைத் திரையின் மேல் பாதியில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அறையில் வெயில் விழுகிறதா என்றும் பாருங்கள், வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு.

சிமிட்டலைப் பற்றி ஒன்று. இமை மூடும்போது பாப்பா மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறையும். மிச்சம் தெரியும் பகுதியின் நடுவை கேமரா கணக்கிடுவதால், பார்வை கீழே தாவியதாகவும், திறக்கும்போது மேலே தாவியதாகவும் பதிவாகும். அவை பொய்த் தாவல்கள். சிமிட்டலுக்கு முன்னும் பின்னும் 100 மில்லி நொடியை நீக்கிவிடுங்கள்.

காலிப்ரேஷன் நன்றாக வந்தது, அரை மணியில் பார்வை வேறு வரியில் நிற்கிறது

காலிப்ரேஷன் என்பது திரையில் சில புள்ளிகளைப் பார்க்கவைத்து, கண் எங்கே பார்க்கிறது என்று கருவிக்குக் கற்றுக்கொடுப்பது. அதன்பின் ஒன்பது புள்ளிச் சரிபார்ப்பில் சராசரிப் பிழை அரை டிகிரிக்குள், எந்தப் புள்ளியிலும் ஒரு டிகிரிக்கு மேல் போகாமல் வந்தால்தான் தொடங்குங்கள். 60 செ.மீ. தூரத்தில் ஒரு டிகிரி என்பது திரையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். வரிகளுக்கு நடுவே அந்த அளவுக்கும் இடைவெளி இல்லையென்றால், எந்த வரியைப் படிக்கிறார் என்று கருவியால் சொல்ல முடியாது. கூடுமானவரை திரைக்கு ஒரு வரி வையுங்கள்.

நடுவில் விலகுவதற்குத் தலை நகர்ந்தது ஒரு காரணம். அடிக்கடி விட்டுப்போகும் காரணம் வெளிச்சம். கறுப்புப் பின்னணியில் காலிப்ரேஷன் செய்துவிட்டு, வெள்ளைப் பின்னணியில் படிக்கக் கொடுத்தால் பாப்பா சுருங்கும். சுருங்கும்போது அதன் நடுப்புள்ளியும் கொஞ்சம் நகரும், கண் நகராமலே பார்வை நகர்ந்ததாகத் தெரியும். சோதனையின் பின்னணி எதுவோ அதே பின்னணியில் காலிப்ரேஷன் செய்யுங்கள்.

தமிழ் உரை வைத்துச் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில ஆய்வுகளில் எல்லா எழுத்தும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவை வைத்துக்கொண்டு, தாவலை எழுத்துக் கணக்கில் அளப்பார்கள். 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அகலத்தில் வராது. சொல்லின் எல்லையை எழுத்துக் கணக்கில் ஊகிக்காமல், திரையில் உண்மையில் வரையப்பட்ட சொல்லின் தொடக்க பிக்சலையும் முடிவு பிக்சலையும் எழுத்துரு நூலகத்திடமே கேட்டுச் சேமித்து வையுங்கள்.

ஐ டிராக்கரைப் போட்டதும் இஇஜி முழுக்கத் தடித்துவிடுகிறது

அலைக்கற்றையை, அதாவது எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு வலிமை என்ற படத்தை, வரைந்து உச்சி எங்கே என்று பாருங்கள். 50, 100, 150 என்றால் மின் இணைப்பிலிருந்து வருகிறது. நம் ஊரில் 60இல் உச்சி வந்தால் திரையைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு கருவியாக அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஐ டிராக்கரின் அடாப்டர் நாற்காலிக்குக் கீழே கிடக்கும், எலெக்ட்ரோடு கேபிள் அதன் மேல் போகும். அடாப்டரைத் தூரமாகத் தள்ளி, கேபிள்களைப் பிரித்துப் போடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்துவிடுவது நல்லது. எல்லாச் சேனலும் ஒரே மாதிரி தடித்திருந்தால் கிரவுண்டு எலெக்ட்ரோடும் ரெஃபரன்ஸும் (மற்றச் சேனல்களை ஒப்பிட்டு அளக்கும் எலெக்ட்ரோடு) சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம்.

அலை மெதுவாக ஏறி இறங்கி அலைகிறது

வியர்வை. ஏசியை ஓடவிடுங்கள், அறை குளிர்ந்தபின் அவரை உட்காரவையுங்கள். இல்லையென்றால் எண்ணெய். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் ஜெல் தோலைத் தொடாது, தடை 10 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கவே இறங்காது. ஷாம்பூ போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல், முடி நன்றாகக் காய்ந்தபின் வரச் சொல்லுங்கள்.

நெற்றி எலெக்ட்ரோடுகள் மட்டும் துள்ளுகின்றன

ஐ டிராக்கருக்காகத் தலையை அசையாமல் பிடிக்க ஒரு தாடைத் தாங்கியும் நெற்றிப் பட்டையும் வைக்கிறோம். அந்தப் பட்டை சரியாக நெற்றி எலெக்ட்ரோடுகளின் மேல் அழுத்துகிறது. நெற்றிப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், தாடைத் தாங்கி மட்டும் போதும். அதன் மேல் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். தாடை வலித்தால் பல்லைக் கடிப்பார்கள், அது காதுக்கு மேலே உள்ள சேனல்களில் அடர்த்தியான தசைச் சத்தமாக வரும். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னால் உடனே அடங்கும்.

படம் வந்து 200, 300 மில்லி நொடியில் அழகான காமா அலை எழுகிறது

இந்த அறிகுறியில் மனம் மகிழ்ந்துவிடும், அதனால்தான் ஆபத்து. 30 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு பரந்த எழுச்சி, படத்தைப் பார்த்தபின் வருகிறது, பொருளுள்ள படத்துக்குக் கூடுதலாக வருகிறது. பொருளை உணரும் மூளைச் செயல் என்று பல ஆய்வுகள் இதை எடுத்துக்கொண்டன. 2008இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஷ்லோமித் யுவல்-கிரீன்பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் ஐ டிராக்கரைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். தலையின் மேல் பதிவாகும் அந்த எழுச்சி பெரும்பாலும் மைக்ரோ தாவல்களிலிருந்து வருவது என்று காட்டினார்கள்.

நடப்பது இதுதான். ஒரு புள்ளியையே உற்றுப் பார்க்கும்போதும் கண் நொடிக்கு ஒன்றிரண்டு முறை, ஒரு டிகிரிக்கும் குறைவாகத் துள்ளும். புதிய படம் வந்ததும் அந்தத் துள்ளல் சிறிது நேரம் நின்றுபோகும், பிறகு 200 முதல் 300 மில்லி நொடிக்குள் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திரும்பி வரும். ஒவ்வொரு துள்ளலின் தொடக்கத்திலும் கண்ணைத் திருப்பும் தசைகள் சில மில்லி நொடிக்கு ஒரு கூர்மையான மின் துடிப்பை விடும். அதைத் தசைக் கூர்துடிப்பு என்று சொல்கிறேன். கூர்மையான துடிப்பு அலைக்கற்றையில் பரந்த காமாவாகத்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் நேரம் கொஞ்சம் மாறுவதால் சாதாரணச் சராசரியில் அது மறையும், காமா வலிமையின் சராசரியிலோ நன்றாகத் தெரியும்.

சோதிக்கும் வழி: ஐ டிராக்கர் தரவில் மைக்ரோ தாவல்களைக் கண்டுபிடியுங்கள். போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் எங்பெர்ட்டும் ரைன்ஹோல்ட் கிளீகலும் 2003இல் கொடுத்த முறை இதற்குப் பழக்கமானது. அந்தந்தப் பதிவிலுள்ள வேகத்தின் சிதறலை அளந்து, அதைப்போல ஐந்து அல்லது ஆறு மடங்கு வேகம் வந்தால் தாவல் என்று எடுக்கும். பிறகு 200-300 மில்லி நொடியில் மைக்ரோ தாவல் வந்த சுற்றுகளையும் வராத சுற்றுகளையும் பிரித்து இரண்டு படம் வரையுங்கள். வராத சுற்றுகளில் காமா காணாமல் போனால், அது கண்ணுடையது. மூக்கில் ரெஃபரன்ஸ் வைத்திருந்தால் இது தலையின் பின்பக்கம் வரை பரவித் தெரியும், அதனால் 'பார்வைப் பகுதியில்தானே வருகிறது' என்ற வாதம் உதவாது.

ஐசிஏ போட்டுக் கண்ணை நீக்கிவிட்டேன், ஆனாலும் தாவல் தெரிகிறது

ஐசிஏ கலந்து கிடக்கும் அலைகளைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்துத் தரும். சிமிட்டலை நன்றாகப் பிரிக்கும். தாவலையும், குறிப்பாக அந்தத் தசைக் கூர்துடிப்பையும், வழக்கமான அமைப்பில் சரியாகப் பிரிக்காது. காரணம் நாம் அதற்குக் கற்றுக்கொடுக்கும் தரவு.

நாம் இறுதி ஆய்வுக்கு 0.1 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டிய தரவை வைத்திருப்போம், அதையே ஐசிஏவுக்கும் கொடுத்துவிடுவோம். கீழே 0.1 என்பதால் மெதுவான வியர்வை அலைகள் ஐசிஏவின் கவனத்தைத் தின்றுவிடும். மேலே 40 என்பதால் கூர்துடிப்பின் பெரும்பகுதி முன்னமே வெட்டப்பட்டிருக்கும். பார்க்காத ஒன்றை அதனால் எப்படிப் பிரிக்க முடியும்? டிமிகன் 2020இல் இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்துச் சொன்ன வழியைத்தான் நான் பின்பற்றுகிறேன். தரவின் ஒரு நகலை எடுங்கள். கீழே 2 அல்லது 2.5 ஹெர்ட்ஸில் வெட்டுங்கள். மேலே 100 வரை விட்டுவிடுங்கள். தாவல் தொடங்கும் இடத்தைச் சுற்றியுள்ள சிறு துண்டுகளை வெட்டியெடுத்து, அந்த நகலின் வாலில் திரும்பத் திரும்பச் சேருங்கள், கூர்துடிப்பை ஐசிஏ பலமுறை பார்க்கட்டும். இந்த நகலில் ஐசிஏவை ஓட்டி, கிடைக்கும் எடைகளை உங்கள் அசல் 0.1 ஹெர்ட்ஸ் தரவுக்குப் போடுங்கள்.

எந்தக் கூறு கண்ணுடையது என்று படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். ஐ டிராக்கர்தான் கையில் இருக்கிறதே. ஒவ்வொரு கூறுக்கும் தாவலின்போது உள்ள மாறுபாட்டை நிலைப்பின்போது உள்ள மாறுபாட்டால் வகுங்கள். 1.1க்கு மேல் போனால் கண்ணுடையது என்று நீக்குங்கள். நீக்கியபின் இரண்டு நிமிடப் பதிவுக்குத் திரும்புங்கள். இடம் வலம் பார்த்தபோது நெற்றியில் படிக்கட்டு மிச்சமிருந்தால் குறைவாக நீக்கியிருக்கிறீர்கள். கண் அசையாத நேரத்தில் அலை முன்பைவிடச் சிறுத்துப் போயிருந்தால் அளவுக்கு மீறி நீக்கியிருக்கிறீர்கள். இரண்டாவதைப் பலர் பார்ப்பதே இல்லை, தயவுசெய்து பாருங்கள்.

கூறுகள் ஜோடி ஜோடியாக எதிரெதிர் முகத்துடன் விநோதமாக வந்தால், சராசரி ரெஃபரன்ஸ் போட்டபின் உண்மையான சேனல் எண்ணிக்கை ஒன்று குறைந்ததை ஐசிஏவுக்குச் சொல்ல மறந்திருப்பீர்கள். 64 சேனலுக்கு 63 கூறு கேளுங்கள்.

எல்லாம் சுத்தம், ஆனால் சொல்லைப் பார்ப்பதற்கு முன்பே வித்தியாசம் தொடங்குகிறது

கடினமான சொல், எளிய சொல் என்று இரண்டு வகை. நிலைப்பு தொடங்கிய நொடியைப் பூஜ்யமாக வைத்துச் சராசரி எடுத்தால், பூஜ்யத்துக்கு முன்பே இரண்டு கோடும் பிரிந்து கிடக்கின்றன. ஓரக்கண்ணில் முன்கூட்டியே படித்துவிட்டார் என்று எழுதத் தோன்றும். அப்படியும் நடக்கலாம். ஆனால் முதலில் மேற்படிவை, அதாவது ஒரு நிலைப்பின் அலை அடுத்ததன் அலைமேல் விழுவதை, சந்தேகியுங்கள்.

ஒவ்வொரு நிலைப்பும் சுமார் 80 முதல் 100 மில்லி நொடியில் பின்னந்தலையில் ஒரு நேர்மின் அலையை எழுப்பும், லாம்டா என்பது அதன் பெயர். அதற்குப் பிறகும் அலைகள் அரை நொடி வரை தொடரும். ஆனால் நிலைப்போ 250 மில்லி நொடியில் முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். ஆக, சொல்லின் பொருளோடு சேர்த்துப் பேசப்படும் 400 மில்லி நொடி அலை, அடுத்த சொல்லின் லாம்டாவோடு கலந்துதான் கிடைக்கிறது. கடினமான சொல்லில் கண் 260 மில்லி நொடி நிற்கிறது, எளிய சொல்லில் 210 என்று வையுங்கள். அடுத்த லாம்டா ஒன்றில் 50 மில்லி நொடி தள்ளி விழும். இந்தத் தள்ளல் ஒன்றே இரண்டு கோட்டையும் பிரித்துவிடும், மூளை இரண்டு சொல்லையும் ஒரே மாதிரி நடத்தியிருந்தாலும்கூட. முந்தின நிலைப்பின் நீளம் வேறுபட்டால் இதே தள்ளல் பூஜ்யத்துக்கு முன்பே தெரியும். தாவலின் தூரமும் சேர்ந்துகொள்ளும்: நீண்ட தாவலுக்குப் பின் லாம்டா பெரிதாக வரும்.

அடிக்கோட்டை, அதாவது பூஜ்யம் என்று வைத்துக் கழிக்கும் மட்டத்தை, நிலைப்புக்கு முந்தின 200 மில்லி நொடியில் எடுத்திருந்தால் அதில் தாவலும் முந்தின சொல்லின் அலையும் கலந்திருக்கும், அந்தப் பிழையை மொத்தத்துக்கும் பரப்பிவிடுவீர்கள். வாக்கியம் திரையில் வருவதற்கு முன் கண் அமைதியாக நின்ற நேரத்தை அடிக்கோடாக எடுப்பது பாதுகாப்பு.

மேற்படிவைப் பிரிக்கச் சராசரியை விட்டுவிட்டுப் பின்னோக்குக் கணக்குக்குப் போக வேண்டும். எல்லா நிலைப்புகளின் நேரத்தையும் தெரிந்துகொண்டு, ஒன்றின் மேல் ஒன்று விழுந்த அலைகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டு எடுக்கும் முறை அது. பெனடிக்ட் எஹிங்கரும் டிமிகனும் 2019இல் வெளியிட்ட அன்ஃபோல்ட் என்ற இலவசத் தொகுப்பு இதற்கென்றே எழுதப்பட்டது. தாவலின் தூரத்தையும் அதே கணக்கில் ஒரு காரணியாகச் சேர்க்கலாம். இரண்டுக்கும் உள்ள தொடர்பு நேர்கோடாக இல்லை, சிறிய தாவல்களில் வேகமாக ஏறிப் பிறகு தட்டையாகும், அதனால் வளைகோடாகப் பொருத்துங்கள்.

இந்தக் கணக்கில் இறங்குமுன் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி உண்டு. எல்லா நிலைப்புகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, மின்னழுத்தத்தை நிறமாக வரையுங்கள். மிகக் குறுகிய நிலைப்பு மேலே, மிக நீண்டது கீழே. நேர் செங்குத்தாக இறங்கும் பட்டைகள் இந்த நிலைப்புக்குச் சொந்தம். சாய்ந்து வளைந்து இறங்கும் பட்டை அடுத்த தாவலைப் பின்தொடர்கிறது, அது அடுத்த சொல்லுக்குச் சொந்தம். அன்ஃபோல்ட் கணக்கை ஓட்டியபின் இதே படத்தை மறுபடி வரையுங்கள். சாய்ந்த பட்டை கரைந்து, செங்குத்துப் பட்டைகள் மட்டும் நின்றால் நீங்கள் பார்ப்பது அந்தச் சொல்லுக்கான அலை. சாய்வு இன்னும் மிச்சமிருந்தால் நிலைப்பு நேரங்களில் பிழை இருக்கிறது. டிரிகர் விலகல் படத்தைத் திரும்பத் திறந்து, அங்கிருந்து தொடங்குங்கள்.